தாத்தா ஒரே ஒரு தடவை ஓட்டுப் போட்ட ஊர்

ஆகஸ்ட் 20, 2025, புதன் – கொழும்பு

நேற்று ராத்திரி வந்து இறங்கியதிலிருந்து வியர்வை நிற்கவில்லை. கோத்தகிரிக் குளிரில் வளர்ந்த உடம்பு, கொழும்பின் இந்தப் பிசுபிசுப்பு தாங்கவில்லை. காலையில் வெள்ளவத்தையில் இடியாப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல் 420 ரூபாய். மூன்றரையால் வகுத்தால் நம்ம ஊர்க் கணக்கில் 120. இனி ஒவ்வொரு வேளையும் இந்த வகுத்தல் கணக்கைப் போட்டுப் போட்டுச் சாப்பிடப் போகிறேன் என்பது இப்போதே தெரிந்துவிட்டது.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பம், இந்தியாவும் இலங்கையும் 1964-இல் போட்ட சாஸ்திரி ஒப்பந்தத்தில், 1971-இல் நீலகிரிக்கு வந்த குடும்பம். அங்கே எங்களைச் 'சிலோன்காரங்க' என்பார்கள். இங்கே இருந்தபோது 'கள்ளத்தோணி' என்று ஏசினார்களாம். தாத்தா தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி, ஐம்பது வயதில் கப்பலேறியவர். அவர் அடிக்கடி சொன்ன ஒரு வாக்கியம் உண்டு: "சிலோன்ல நான் ஒரே ஒரு தடவைதான் ஓட்டுப் போட்டேன். போட்ட ஆளு ஜெயிச்சிட்டாரு. அதனாலதான் புடுங்கிட்டாங்க." சின்ன வயதில் அது ஏதோ விளையாட்டுப் பேச்சு என்று நினைத்திருந்தேன்.

விளையாட்டு இல்லை. இங்கிருக்கும் நண்பர் 1947 பாராளுமன்றத் தேர்தல் முடிவுகளைத் தொகுதிவாரியாக அச்சடித்து வைத்திருந்தார். பிரிட்டிஷ் ஆட்சி இன்னும் முடியாத நேரம், சுதந்திரம் அடுத்த பெப்ரவரியில்தான். 89 தொகுதிகள், 95 உறுப்பினர்கள். ஐக்கிய தேசியக் கட்சி 42, இடதுசாரிச் சமசமாஜக் கட்சி 10, தமிழ்க் காங்கிரஸ் 7, தோட்டத் தமிழர்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 6, போல்ஷெவிக் லெனினிஸ்டுகள் 5, கம்யூனிஸ்டுகள் 3, தொழிற்கட்சி 1, சுயேச்சை 21. கூட்டிப் பார்த்தேன், 95 சரியாக வருகிறது. கொழும்பு மத்தி தொகுதிக்கு மட்டும் மூன்று உறுப்பினர்கள். ஏ. ஈ. குணசிங்க, டி. பி. ஜாயா, பீட்டர் கெனமன். ஒரு சிங்களவர், ஒரு மலாய்க்காரர், ஒரு பறங்கியர், மூவரும் மூன்று வெவ்வேறு கட்சி. இப்போது அப்படி ஒரு தொகுதியை யோசித்துப் பார்க்க முடிகிறதா என்று நண்பரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு இன்னொரு கோப்பைத் தேநீர் ஊற்றினார்.

ஓரத்தில் மலையகத் தொகுதிகளுக்கு எதிரே பேனாவால் தமிழில் பெயர்களை எழுதிக்கொண்டேன். நாளை அந்தத் தாளோடு ரயில்.

ஆகஸ்ட் 21, வியாழன் – ஹட்டன்

முன்பதிவு கிடைக்கவில்லை. மலையக ரயிலில் வெள்ளைக்காரர்கள் கதவில் தொங்கிப் படம் எடுப்பதற்கென்றே இடங்கள் எல்லாம் மாதக் கணக்கில் முன்பே போய்விடுகின்றன போலிருக்கிறது. மூன்றாம் வகுப்பில் பொல்காவலை தாண்டும் வரை ஒற்றைக் காலில் நின்றேன். மற்ற கால் யாரோ ஒருவருடைய பலாப்பழ மூட்டை மேல்.

பேராதனை வந்ததும் பக்கத்தில் இருந்த ஐயா தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஒதுங்கி இடம் கொடுத்தார். சிங்களவர், எழுபது இருக்கும், யட்டியாந்தோட்டைப் பக்கம். நாவலப்பிட்டியில் மகள் வீட்டுக்குப் போகிறார். தமிழ் நன்றாகவே பேசினார், தோட்டக் கடையில் வேலை பார்த்தவராம். மடியில் இருந்த தாளைப் பார்த்து என்ன என்று கேட்டார். சொன்னேன். விரலை வைத்துத் தேடி ருவன்வெல்லையைக் கண்டுபிடித்தார். "என்.எம். பெரேரா! எங்க அப்பா ஓட்டு அவருக்குத்தான்" என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் சிங்களத்தில் அறிவித்துவிட்டார். எங்கள் பெட்டியில் கொஞ்ச நேரம் 1947 தேர்தல் நடந்தது.

அவரிடம் சொல்ல ஒரு விஷயம் என்னிடம் இருந்தது. 1948-இல் எங்கள் ஆட்களின் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்தபோது அந்த என்.எம். சமசமாஜக் கட்சித் தலைவராக எதிர்க்கட்சி வரிசையில் இருந்தார். இடதுசாரிகள் அந்தச் சட்டத்தை எதிர்த்தே வாக்களித்தார்கள். ஐயா தலையை ஆட்டினார். "தெரியும் தம்பி. அப்புறம் அவங்களும் மாறிட்டாங்க" என்றார். இறங்கும்போது ஒரு பொட்டலம் வாங்கிக் கையில் திணித்துவிட்டுப் போனார், உளுந்து வடை நான்கு, காய்ந்த மிளகாய் இரண்டு. சுற்றியிருந்தது ஏதோ ஒரு பிள்ளையின் கணக்குக் கொப்பித் தாள். எட்டேழு ஐம்பத்து நான்கு என்று எழுதி, சிவப்பில் தப்புப் போட்டிருந்தது.

நாவலப்பிட்டி எனக்கு இறங்காத ஊர், தாளில் மட்டும் தொட்டுக்கொண்டேன்: கே. இராஜலிங்கம், இலங்கை இந்தியக் காங்கிரஸ். அதற்கப்புறம் ரயில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏற ஆரம்பித்தது. வட்டவளையில் மழை. ரொசல்லையில் மழை. ஹட்டனில் இறங்கியபோது பெய்ததற்கு மழை என்று பெயர் வைக்க முடியாது, யாரோ மேலேயிருந்து வாளியால் ஊற்றினார்கள்.

அறை 4,500 ரூபாய், சுடுதண்ணீர் உண்டு என்று சொன்னார்கள். உண்டு, ஒரு வாளி, காலையில், கேட்டால். ராத்திரிக் கொத்து ரொட்டி 900 ரூபாய், ஒரு ஆள் சாப்பிட்டு முடிக்க முடியாத அளவு. அந்தத் தகரச் சட்டுவங்களின் டக்கடக்கடக்க சத்தம் தெருவெல்லாம் கேட்கிறது, அதைக் கேட்டாலே பசிக்கிறது.

தாளில் ஹட்டன் என்று தேடினேன், இல்லை. அரை மணி நேரம் மண்டையைக் குடைந்த பிறகுதான் விளங்கியது. ஹட்டன் தொகுதி இருந்தது, பாராளுமன்றத்துக்கு முன்பிருந்த சட்டசபையான அரசாங்க சபைக் காலத்தில். 1931-இல் பெரி. சுந்தரம் இங்கிருந்துதான் போய் அமைச்சர் ஆனார், 1936-இல் கோ. நடேசய்யர். தஞ்சாவூர்ப் பிராமணர், பத்திரிகைக்காரர். வெளியாட்களைத் தோட்டத்துக்குள் விடாத காலத்தில் துணி வியாபாரி மாதிரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு லயங்களுக்குள், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்குள், நுழைந்தார் என்று சொல்வார்கள். அவர் மனைவி மீனாட்சி அம்மை பாட்டுப் பாடியே கூட்டம் சேர்த்தவர். 1947-இல் தொகுதியின் பெயர் மஸ்கெலியா, வென்றவர் ஜி. ஆர். மோத்தா. கடைத்தெருவில் நான்கு பேரிடம் இந்தப் பெயர்களைச் சொல்லிப் பார்த்தேன். நடேசய்யரை ஒருவருக்குத் தெரிந்திருந்தது. மோத்தாவை யாருக்கும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி – கொட்டகலை, தலவாக்கலை

ஹட்டனிலிருந்து கிளம்பியதும் சிங்கமலைச் சுரங்கம். உள்ளே போனதும் பெட்டியில் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஊளையிட்டார்கள். ஒரு டீச்சரும் கூட இருந்தார். அவரும் ஊளையிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம்.

கொட்டகலையில் இறங்கி ஒரு தேநீர், 50 ரூபாய், சீனியைக் கையில் தனியாகக் கொடுத்தார்கள், நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும். தாத்தா கடைசி வரைக்கும் அப்படித்தான் குடித்தார். கோத்தகிரி வீட்டில் நாங்கள் கிண்டல் செய்வோம். இங்கே ஒரு கடையே அப்படிக் குடித்துக்கொண்டிருந்தது.

கொட்டகலையில் வென்றவர் கே. குமாரவேலு. இந்த ஆறேழு தொகுதிகள் எப்படி வந்தன என்பதைத் தெரிந்துகொண்டால்தான் மற்றது விளங்கும். சுதந்திரத்துக்கு முன் பிரிட்டிஷார் கொடுத்த சோல்பரி அரசியலமைப்பில் தொகுதி பிரிக்கும்போது 75,000 ஆளுக்கு ஒரு ஆசனம், அதோடு ஆயிரம் சதுர மைலுக்கு ஒன்று என்று கணக்கு. ஆளுக்கு என்றால் ஓட்டுரிமை இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை, தலையை எண்ணினார்கள். 1946 கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் ஏறக்குறைய 7 லட்சத்து 80 ஆயிரம் பேர். அந்தத் தலைகளால்தான் மலைநாட்டுக்கு இத்தனை ஆசனம் கிடைத்தது. பிறகு 1948-இல் குடியுரிமைச் சட்டம், 1949-இல் தேர்தல் திருத்தச் சட்டம், குடிமக்களுக்கு மட்டுமே ஓட்டு. லயத்து ஆட்கள் பட்டியலிலிருந்து போனார்கள். ஆனால் ஆசனங்கள் போகவில்லை! அதே தொகுதிகள் 1952-இலும் இருந்தன, சுற்றியிருந்த கிராமத்துக்காரர்களின் ஓட்டிலேயே உறுப்பினர்கள் வந்தார்கள். மலையகத் தமிழர் ஒருவர்கூட அந்தப் பாராளுமன்றத்துக்குப் போகவில்லை. ஆளை எண்ணி ஆசனம் வாங்கிக்கொண்டு, ஆளை மட்டும் வெளியே நிறுத்திவிட்டார்கள். எனக்கு இந்தப் பயணத்தில் அதிகம் கோபம் வந்தது இந்தக் கணக்கை நினைத்துத்தான். சட்டத்தின் மேல் வந்ததை விட அதிகம்.

தலவாக்கலையில் ஆட்டோவிலிருந்து விடுதிக்குப் போகிற முப்பது அடிக்குள் தொப்பலாக நனைந்தேன். பையின் வெளிப் பையில் வைத்திருந்த தாளும் நனைந்துவிட்டது. வண்ண மை அச்சு, அதுவும் நண்பர் வீட்டு இயந்திரம், நீலமும் கறுப்பும் ஒழுகித் தொகுதிகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

விடுதி நடத்துகிற அக்கா அதைப் பார்த்துவிட்டு, "குடுங்க தம்பி" என்று வாங்கி, மேசையில் ஒரு பழைய சேலைத் துண்டை விரித்து, தாளை வைத்து, மேலே இன்னொரு துண்டு போட்டு இஸ்திரிப் பெட்டியை மெதுவாக ஒற்றி ஒற்றி எடுத்தார். தேய்க்கவில்லை, ஒற்றினார். ஆவி வந்தது. மேல் துணியைத் தூக்கியபோது அதில் கொஞ்சம் நீலம் தலைகீழாக ஒட்டியிருந்தது. அச்சு மங்கியிருந்தாலும் ஓரத்தில் நான் பந்துமுனைப் பேனாவால் எழுதியது அப்படியே நின்றது. அதை வாய்விட்டுப் படித்தார். "சி. வி. வேலுப்பிள்ளை… இது நம்ம சீவி ஐயாவா? கவிதை எழுதுன ஐயா?" அவரேதான் என்றேன். "அவரு பார்லிமெண்டுலயும் இருந்தாரா?" என்றார். பள்ளிக்கூடத்தில் அவர் கவிதையைப் படித்திருக்கிறார், இந்த ஊருக்கே உறுப்பினராக இருந்தார் என்பது தெரியாது. மடகும்புறை இங்கிருந்து கூப்பிடு தூரம். அங்கே தோட்டத்தில் பிறந்து, தலவாக்கலைக்கு உறுப்பினராகி, 1952-இல் பறித்த ஓட்டுக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தவர்களில் ஒருவர். தாத்தா ஓட்டுப் போட்டது அவருக்குத்தான்.

இஸ்திரிக்குக் காசு வேண்டாம் என்றுவிட்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு 600 வாங்கினார். சோறு, பருப்பு, கருவாட்டுக் குழம்பு, லீக்ஸ் பொரியல்.

ஆகஸ்ட் 23, சனி – தப்பான தோட்டம்

இன்று நாள்காட்டியில் ஒரு விசேஷம். 1947 தேர்தல் ஒரே நாளில் நடக்கவில்லை. ஆகஸ்ட் 23 தொடங்கி செப்டம்பர் 20 வரை, பகுதி பகுதியாக நடந்தது. அந்த ஆகஸ்ட் 23-உம் சனிக்கிழமைதான். 1947-க்கும் 2025-க்கும் நாள்காட்டி ஒன்றே, வேண்டுமானால் அந்த வருஷத்து நாள்காட்டியைச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். இந்தியா சுதந்திரம் வாங்கி எட்டாவது நாள். தோட்டத்து ஆட்கள் மனசு அந்த வாரத்தில் எந்தக் கரையில் இருந்திருக்கும் என்று பெரியப்பாவிடம் போனில் கேட்டேன். "பிரட்டுல இருந்திருக்கும். காலைல ஆறு மணிக்குப் பிரட்டுக்குப் போகலேன்னா அரைப்பேருதான்" என்றார். பிரட்டு என்றால் காலையில் ஆளெடுக்கும் இடம், அரைப்பேரு என்றால் அரை நாள் சம்பளம். பெரியப்பா 1950-இல் இங்கே பிறந்தவர், இருபத்தொரு வயதில் கிளம்பியவர். அவருக்கு இங்கே ஓட்டு கிடையாது.

தாத்தாவின் தோட்டத்துக்கு எங்கள் வீட்டில் புழங்கிய பெயர் புதுக்காடு. தோட்டங்களுக்குத் துரைமார் வைத்த பெயர் ஒன்று, ஆட்கள் வைத்த பெயர் ஒன்று. பெயர்ப்பலகையில் இருப்பது துரை வைத்தது. ஆட்டோத் தம்பியிடம் புதுக்காடு என்றதும் "ஏறுங்கண்ணே" என்றார், 2,500 ரூபாய். ஒரு மணி நேரம் குலுங்கிப் போய் இறங்கினால், பெரியப்பா சொன்ன கோயிலும் இல்லை, ஆற்றுப் பாலமும் இல்லை. வீடியோவில் காட்டினேன். "இது எங்கடா? நம்ம தோட்டத்துல இப்படி ஒரு மேடே கிடையாது" என்றார். விசாரித்ததில் இந்தச் சுற்று வட்டாரத்தில் மூன்று புதுக்காடு. காட்டை வெட்டிப் புதிதாகத் தேயிலை போட்ட இடமெல்லாம் புதுக்காடுதானே!

வந்ததுதான் வந்தோம் என்று மலையில் ஏறிப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள் மழைக்கோட்டுப் படங்கைச் சுற்றிக்கொண்டு கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா கை நிறுத்தாமல் கேட்டார், "எந்த ஊரு தம்பி?" கோத்தகிரி என்றேன். "ஊட்டியா? எங்க நாத்தனாரு அங்கதான் கூடலூருல. போனதுலருந்து ஒரு தடவை பாத்தேன்." கூடையைத் தூக்கிப் பார்க்கிறேன் என்றேன், சிரித்துக்கொண்டே தலையில் கயிற்றை மாட்டிவிட்டார். பத்து கிலோ கூட இருக்காது, கழுத்து பின்னால் போய்விட்டது. 2025-இல் நாள் சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. நான் ஆட்டோவுக்குக் கொடுத்தது இரண்டு நாள் சம்பளத்துக்கு நெருக்கம். அதைக் கணக்குப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

1947 என்று கேட்டதற்கு அவர்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவர்களுடைய ஆண்டு 1977. அதுவும் சரிதான், அந்த வருஷம்தான் தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் நுவரெலியா–மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதியிலிருந்து தேர்தலில் வென்று திரும்பப் போனார்.

திரும்பி வந்து காலணியைக் கழற்றினால் ஐந்து அட்டை. ஒன்று உள்ளங்கால் வரை போய்க் குடியேறியிருந்தது. உப்பு போட்டால் விழும் என்று தெரியும், உப்பு கேட்டு விடுதி அக்காவிடம் ஓடியபோது கூடத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். சவர்க்காரத்தைக் காலில் பூசிக்கொண்டு போயிருக்க வேண்டுமாம். முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு – சரியான தோட்டம்

இரண்டாவது புதுக்காட்டை விட்டுவிட்டு நேராக மூன்றாவதுக்குப் போனோம். அதே ஆட்டோத் தம்பி, நேற்றைய தப்புக்காக 1,500 மட்டும் வாங்கினார். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

பாலம் இருந்தது. பாலத்தை வீடியோவில் பார்த்ததும் பெரியப்பா ஒன்றும் பேசவில்லை, பிறகு "இன்னும் கொஞ்சம் இடதுபக்கம் திருப்பு" என்றார். அங்கே ஒரு மரவள்ளித் தோட்டம்தான் இருந்தது. ஏதோ இருந்திருக்க வேண்டும், சொல்லவில்லை.

அவர் பிறந்த லயம் இல்லை. பத்துக் காம்பரா (அறை) லயத்தில் நான்கு மட்டும் மிச்சம். தகரக் கூரைமேல் கல்லும் டயரும் வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் கூப்பிட்டு உட்காரவைத்து, ரொட்டியும் கட்டச் சம்பலும் கொடுத்தார்கள். அந்த ரொட்டியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது: கோதுமை மாவில் தேங்காய்ப்பூ போட்டு, கையளவு தடிமனில், விறகடுப்பில் கருகக் கருகச் சுட்டது. சம்பலில் மிளகாயும் மாசிக் கருவாடும் உரலில் இடிபட்ட வாசம். எங்கள் பாட்டி நீலகிரியில் மாசி கிடைக்காமல் கருவாட்டுத் தூளைப் போட்டுச் சமாளித்தது எதற்காக என்று நாக்கு சொன்னது.

தாத்தா ஓட்டுப் போட்டது எங்கே என்பதற்கு அவர் சொன்ன அடையாளம், "தோட்டத்திலிருந்து எல்லாரும் ஒண்ணா நடந்து போனோம், மழை, வேட்டியத் தூக்கிக் கட்டிக்கிட்டு". அவ்வளவுதான். இந்த வழியில் நடந்திருந்தால் ஒரு பக்கம் முழுக்க ஏற்றம்.

கோயில் இருந்தது, மாரியம்மன். புதிதாகச் சாயம் பூசி, டைல்ஸ் எல்லாம் போட்டுவிட்டார்கள். ஆனால் பழைய மணி அப்படியே தொங்குகிறது, உபயம் என்று ஒரு பெரிய கங்காணியின் பெயர் வெட்டியிருந்தது. அதைப் படித்துக் காட்டினேன். பெரியப்பாவின் குரல் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, "அந்தாளு பேரு இன்னும் இருக்கா? அவன் எங்கப்பா செக்ரோல்ல எத்தனை பேரு வெட்டினான் தெரியுமா?" என்று ஆரம்பித்தவர் பத்து நிமிடம் நிறுத்தவில்லை. செக்ரோல் என்பது வேலைக்கு வந்தவர்களின் பேர் எழுதும் பதிவேடு, பேரை வெட்டினால் அன்றைய சம்பளம் இல்லை. அர்ச்சகர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒலிபெருக்கியை அணைக்கத் தெரியாமல் நான் தவித்தேன். அர்ச்சகர் திருநீற்றைக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார், "எங்க தாத்தாவும் இதையேதான் சொல்வாரு."

ஆகஸ்ட் 25, திங்கள் – நுவரெலியா

சுற்றுலா ஊர். குதிரை, ஸ்ட்ராபெரி, செங்கல் தபால் நிலையம், குளிர்சட்டைக் கடை. ஒரு சின்னக் கிண்ணம் ஸ்ட்ராபெரி 800 ரூபாய், புளிப்பு. ஊட்டியைப் பார்த்தவனுக்கு இதில் புதுசு ஒன்றுமில்லை, இரண்டையும் ஒரே துரைதான் கட்டியிருப்பான் போல. ஒரு ஆட்டோக்காரர் ஐந்து நிமிட தூரத்துக்கு ஆயிரம் கேட்டார், தமிழில் திட்டியதும் ஐந்நூறுக்கு வந்தார்.

தாளில் இந்த ஊர்: சௌமியமூர்த்தி தொண்டமான், 9,386 ஓட்டு, ஆறாயிரத்துக்கு மேல் வித்தியாசம். பிறந்தது தமிழ்நாட்டில், முனப்புதூர். இங்கே றம்பொடைப் பக்கம் வேவண்டன் தோட்டத்துக்குச் சொந்தக்காரர். தோட்ட முதலாளி ஒருவர் தோட்டத் தொழிலாளர் தலைவராகி அரை நூற்றாண்டு அசைக்க முடியாமல் இருந்தார் என்பதை நம்ம ஊரில் யாரிடம் சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள். தாத்தாவுக்கு அவர் மேல் மரியாதையும் உண்டு, ஒரு முணுமுணுப்பும் உண்டு. ஒப்பந்தம் போட்டபோது எங்களை யாரும் கேட்கவில்லை என்பது அந்த முணுமுணுப்பு. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள், மீதி ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். அங்கேயும் தலைக் கணக்குத்தான்.

அறையில் ஹீட்டர் 1,000 ரூபாய் கூடுதல். கேட்டு வாங்கினேன், வேலை செய்யவில்லை, காசைத் திருப்பித் தரவில்லை. இரண்டு கம்பளிக்குள் சட்டையோடு தூங்கினேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய் – பதுளை

நானுஓயாவில் ஏறியபோது மழை, பட்டிப்பொலையில் மூடுபனி, இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம் அது, 1,898 மீட்டர். அதைத் தாண்டி ஒரு சுரங்கம். மறுபக்கம் வெளியே வந்தால் வெயில்! நிஜமாகவே ஒரு திரையை விலக்கினது மாதிரி. ஊவாப் பக்கம் இந்த மாதங்களில் காய்ந்த காற்றுதான், அந்தக் காற்றுக்குத்தான் ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறுகிறதாம். ஆறு நாளாக ஈரமாகவே இருந்த காலுறையைச் ஜன்னல் கம்பியில் கட்டினேன். எதிரில் இருந்த அம்மா மூக்கைச் சுளித்தார், பிறகு தன் பிள்ளையின் ஈரத் துவாயையும் எடுத்து அதற்குப் பக்கத்திலேயே கட்டினார்.

பதுளை இரண்டு உறுப்பினர் தொகுதி. இரண்டில் ஒருவர் எஸ். எம். சுப்பையா. ரயில் பாதையும் இங்கே முடிகிறது, என் தாளிலும் பேனாவால் எழுதிய பெயர்கள் இங்கே முடிகின்றன. வடக்கு, கிழக்குப் பக்கம் தமிழ்க் காங்கிரஸ் வென்ற ஏழும் அச்சு கலைந்து கிடந்தன. ஜி. ஜி. பொன்னம்பலம் யாழ்ப்பாணத்திலும் செல்வநாயகம் காங்கேசன்துறையிலும் ஒரே கட்சியில் வென்று, அடுத்த வருஷமே இந்த மலைநாட்டு ஆட்களின் குடியுரிமை விஷயத்தில் முறுக்கிக்கொண்டு, 1949 டிசம்பரில் செல்வநாயகம் தமிழரசுக் கட்சி தொடங்கிய கதை தனி. அதற்கு இன்னொரு பயணம், இன்னொரு ஜோடிக் காலுறை வேண்டும்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் மத்தியானம் சோறு, 450. பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் தாளை எட்டிப் பார்த்து, என்ன தம்பி, லொத்தர் (லாட்டரி) முடிவா என்று கேட்டார். தேர்தல் முடிவு ஐயா, 47 என்றேன். "யாரு ஜெயிச்சா?" என்றார். சொன்னேன். நம்ம ஆட்கள் ஆறு பேர் என்றதும் கையில் பிசைந்த சோற்றை வைத்துவிட்டு, "ஆறு பேரா? அப்பவேயா?" என்று இன்னொரு தடவை கேட்டார்.

ராத்திரிப் பேருந்தில் கொழும்பு. பெரியப்பாவுக்கு இரண்டு கிலோ தூள் வாங்கியாயிற்று, அரைக் கிலோ மாசி வாங்கியாயிற்று. மாசி வாசம் பை முழுக்க ஏறிவிட்டது, தாளிலும்.